உனக்கெதுக்குக் கண்ணு ட்ரெயினிங்கு!

வா கண்ணு, உக்காரு. மில்லு குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற ஆபரேட்டரு லீவு போட்டுட்டானாமா, சூப்பர்வைசரு சாவியை உன்ற கையில குடுத்து "நீயே ஓட்டிக்கடா"ன்னுட்டாராமா. உங்கம்மாக்காரி காலையிலருந்து தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. ஹெல்ப்பரா உள்ள போன பையன் ஆபரேட்டரா வெளிய வந்தா அப்புச்சிக்கும் பெருமைதானே. ட்ரெயினிங்குப் போடான்னா வேண்டாங்கறியாமா? நெம்பச் செரி. உனக்கெதுக்குச் சாமி ட்ரெயினிங்கு? அதெல்லாம் மண்டையில சரக்கில்லாதவனுக்கு. நீதான் டீக் குடிச்சுக்கிட்டே அவன் ஓட்டறதைத் தெனமும் பாத்தவனாச்சே. போதாததுக்கு ராத்திரியில போர்வைக்குள்ள ரீல்ஸ் வேற.

லிவரு மூணு, பெடலு மூணு, ஸ்டீரிங்கு ஒண்ணு. இதுல கத்துக்க என்ன இருக்குதுன்னு கேட்டியாமா. அது நாயந்தான். அந்த மெசினோட லொள்ளே அதுதான், பாத்தாச் சுளுவா இருக்கும். கஷ்டமாத் தெரியற வண்டியில எவனும் தைரியமா ஏற மாட்டான்.

கார் லைசென்சு இருக்குதுன்னு வேற சொன்னியாமா. பத்திரமா வெச்சுக்க, பொண்ணு பாக்கப் போறப்ப ஆவும். 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல, ஆலைக்குள்ளயோ காம்பவுண்டுக்குள்ளயோ மட்டும் ஓடறதுக்குன்னு செஞ்ச வண்டியை மோட்டார் வண்டிக் கணக்குலயே சேத்தலை. நீ எட்டுப் போட்டது பைக்குல, ஹெச் போட்டது காருல. அந்த ஆர்டிஓ ஆபீசரு உன்னை ஃபோர்க்லிஃப்ட்டுல ஏத்தி ரெண்டு ரேக்குக்கு நடுவால திருப்பச் சொல்லிப் பாத்தாராக்கும்?

காருக்குத் திரும்பறது முன்சக்கரம். இதுக்குப் பின்சக்கரம். நீ ஸ்டீரிங்கை எடப்பக்கம் ஒடிச்சா வண்டி மூஞ்சி எடப்பக்கம் போவும், பொறத்தால இருக்கற இரும்பு வலப்பக்கம் வீசிக்கிட்டு வரும். கார் ஓட்டிப் பழகுனவனுக்குக் கண்ணு முன்னாலதான் இருக்கும். முன்னால எல்லாம் செரியாத்தான் போவும். பொறத்தால ரேக்குக்காலு நசுங்கும், இல்லீன்னா அங்க நிக்கறவன் காலு நசுங்கும். ஆளு காலாச்சும் பரவால்லை, அவன் கத்துவான், தெரிஞ்சுபோவும். ரேக்குக்காலு கத்தாது. அது மடிச்ச தகடு, சித்த வளைஞ்சாப் போதும், மேல நாலு தட்டுல நிக்கற சரக்கு எப்ப வேணும்னாலும் எறங்கலாம். எறங்கறப்ப இடிச்சவன் அங்க இருக்க மாட்டான், சோத்துக்குப் போயிருப்பான். வேற எவன் பெத்த புள்ளையோ கீழ நின்னு சரக்கு எண்ணிக்கிட்டு இருப்பான்.

எடையும் அப்பிடித்தான். உங்க மாமன் தவணையில வாங்கியிருக்கற காரு ஒரு டன்னு இருந்தா எச்சு. 3 டன்னு தூக்கற ஃபோர்க்லிஃப்ட்டு, ஒண்ணுந் தூக்காம சும்மா நிக்கறப்பவே 4 டன்னுக்கு மேல. பிரேக்கு பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மட்டுந்தான். எவனாச்சும் குறுக்க வந்துட்டான்னு சடார்னு மிதிச்சின்னா வண்டி நின்னுரும். ஃபோர்க்கு மேல இருக்கற சரக்குக்கு நிக்கோணும்னு என்ன தலையெழுத்து, அது பாட்டுக்குப் போவும்.

இப்ப ஒரு தகட்டுச் சமாச்சாரம் சொல்றேன், கேட்டுக்க. கேட்டுப்போட்டு மறந்துரு, உனக்கு வேண்டியதில்லை. நீ மாட்டுவண்டியில பாரம் ஏத்திப் பாத்ததில்லை, உங்கம்மா பாத்திருக்கறா. பருத்தி மூட்டை ஏத்தறப்ப முன்பாரம் எச்சாப் போச்சுன்னா நொகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்பாரம் எச்சானா நொகத்தடி மேல தூக்கிக்கிட்டு, பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையை இறுக்கும். அச்சுக்கு இக்கட்ட எவ்வளவு, அக்கட்ட எவ்வளவுன்னு பாத்துப் பாத்து ஏத்துவோம். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்சக்கரம்தான் அந்த அச்சு. இக்கட்ட ஃபோர்க்கும் சரக்கும். அக்கட்ட இஞ்சினும், அதுக்கும் பொறத்தால கவுன்டர் வெயிட்டுன்னு வார்த்து வெச்சிருக்கற இரும்பும். மாட்டுவண்டியில தப்பு நடந்தா மாடு காட்டிக் குடுக்கும், ரெண்டடி நடக்காது. இது காட்டிக் குடுக்காது.

அதுக்குத்தான் சீட்டுக்குப் பக்கத்துல ஒரு தகடு அடிச்சு உட்டிருக்கறாங்க. 3000 கிலோன்னு போட்டிருக்கும். உன்ற வயசுப் பசங்க அதை மட்டும் படிச்சுப்போட்டு ஏறிக்குவீங்க. பக்கத்துலயே 500 மி.மீ.ன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆரும் சட்டை பண்றதில்லை. ஃபோர்க்கு செங்குத்தா நிக்கற பக்கத்துலருந்து சரக்கோட நடுப்பாரம் 500 மில்லிமீட்டருக்குள்ள இருந்தாத்தான் அந்த 3000. நீளமான பெட்டியா வந்து நடுப்பாரம் 800க்குத் தள்ளிப் போச்சுன்னு வெச்சுக்க, அதே வண்டி சுமாரா 2300 கிலோவுக்கே மூச்சு வாங்கும். ஃபோர்க்கு ஏறி எறங்கற கம்பம் இருக்குதே, மாஸ்ட்டு, அதைய ஒரு ஒசரத்துக்கு மேல தூக்குனா இன்னுங் கொறையும். உங்க மில்லாட்ட ஃபோர்க்கைக் கழட்டிப்போட்டு பேல் கிளாம்ப் மாட்டுனா அந்தக் கிளாம்ப் எடையும் கழியும், பஞ்சுப் பேலும் முன்னால தள்ளிப் போவும். பேலு ஒண்ணு 170 கிலோதானே, ரெண்டு எச்சாப் புடிச்சா என்னாங்கற ஆசாமிக இருக்கறாங்க. கிளாம்ப் மாட்டுன வண்டிக்குத் தகட்டையே புதுசா அடிக்கோணும். உங்க வண்டியில அடிச்சிருக்குதா? தகடு இருக்குதா மொதல்ல? பெயிண்ட் அடிச்சு மூடிப்போட்டாங்களா?

இன்னொண்ணு. நாலு சக்கரம் இருக்குதுன்னு நம்பிக்கிட்டு இருக்காதே. பின்னச்சு நடுவால ஒத்தைப் பின்னுலதான் தொங்கிக்கிட்டு ஆடுது. அப்ப வண்டி நெசமா நிக்கறது மூணே புள்ளியில: முன்சக்கரம் ரெண்டு, பின்னச்சு நடுவுல ஒண்ணு. கோடு போட்டுப் பாரு, முக்கோணம் வரும். வண்டியும் சரக்கும் சேந்த பாரம் அந்த முக்கோணத்துக்குள்ள இருக்கற வரைக்கும் நீ ஆபரேட்டரு. ஒசரத்துல பேலைப் புடிச்சுக்கிட்டு ஒரு வெட்டு வெட்டித் திருப்புனீன்னா பாரம் கோட்டுக்கு வெளிய போயிரும், அப்பறம் நீயும் சரக்குதான்.

நான் பஞ்சாலையில இருந்தப்ப ஒண்ணு பாத்தேன். மில்லு பேரு வேண்டாம், மொதலாளி மகன் இன்னைக்கும் கல்யாணப் பத்திரிகை வெக்கறான். மரப்பெட்டியில ஒரு மெசினு வந்து எறங்குச்சு. பெட்டி எடை பெட்டி மேலயே எழுதிக் கெடந்துச்சு, படிக்க ஆருக்கும் நேரமில்லை. ஃபோர்க்கைக் குடுத்துத் தூக்குனா, பெட்டி எந்திரிக்கலை, வண்டியோட பின்சக்கரம் ரெண்டும் எந்திரிச்சிருச்சு. ஓட்டறவன் ஸ்டீரிங்கை வளைக்கறான், வளைக்கறான், திரும்பற சக்கரந்தான் ஆகாசத்துல நிக்குதே. மேஸ்திரிக்கு அப்பத்தான் மூளை வேலை செஞ்சுது. லோடுமேன்ல நல்லா ஒடம்பு வெச்ச ரெண்டு பேரைக் கூப்புட்டு, "பொறத்தால ஏறி உக்காருங்கடா"ன்னாரு. சிரிச்சுக்கிட்டே ஏறுனாங்க. ஒருத்தன் சவுரியமாச் சாய்ஞ்சு பீடி பத்த வெச்சான். சக்கரம் எறங்குச்சு. எல்லாருங் கை தட்டுனாங்க, மேஸ்திரி மீசையைத் தடவிக்கிட்டாரு.

குடோன் வாசப்படியில ஒரு சின்ன மேடு, கட்டை வெரலு ஒசரங்கூட இருக்காது. முன்சக்கரம் அதுல ஏறி எறங்குச்சு. பொறத்தால மறுபடியும் மேல எந்திரிச்சுது, பெட்டி முன்னால வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. ஃபோர்க்கு காலியாச்சா, தூக்கிக்கிட்டு இருந்த பொறத்தால அப்பிடியே தரையில வந்து அடிச்சுது. பீடிக்காரன் சொவத்துல போய் விழுந்தான், அவனுக்குப் பல்லு ரெண்டோட போச்சு. இன்னொருத்தருக்கு இடுப்பெலும்பு. அவரு சாகற வரைக்கும் ஒருக்களிச்சுத்தான் நடந்தாரு. மேஸ்திரி ரிப்போர்ட்டு எழுதுனாரு: தரை செரியில்லை.

அதைய உடு, சாயற சமாச்சாரத்துக்கு வருவோம். வண்டி ஒரு பக்கமா சாயுதுன்னா நீ என்ன பண்ணுவே? குதிப்பே. இந்த வயசுல ஒடம்பு அப்பிடித்தான் சொல்லும். சாயற பக்கமாத்தான் குதிப்பே, உன்னை அங்கதானே தள்ளுது. குதிச்சு நீ தரையைத் தொடறப்ப, சீட்டுக்கு மேல உன்னைக் காப்பாத்தறதுக்குன்னு வெச்ச இரும்புக்கூண்டு உன்ற மேல வந்து படுக்கும். குதிக்கவே கூடாது. பெல்ட்டு போட்டிருக்கோணும். ஸ்டீரிங்கைக் கெட்டியாப் புடிச்சு, காலை நல்லா ஊனி, சாயறதுக்கு எதிர்ப்பக்கமா ஒடம்பைச் சாய்ச்சுக்கிட்டு உள்ளயே கெடக்கோணும். நெஞ்சு சொல்றது ஒண்ணு, செய்யோணுங்கறது அதுக்கு நேர் எதிரு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அதைய நீயா யோசிச்சுக் கண்டுபுடிச்சுக்குவியா? கண்டுபுடிப்பே, நீ கெட்டிக்காரனாச்சே. பெல்ட்டு போட்டா சட்டை கசங்குதுன்னு பொறத்தால கட்டி உட்டிருக்கறவன்தானே நீ?

அமெரிக்காக்காரன் கணக்கெடுத்து வெச்சிருக்கறான். 1980லருந்து 1994 வரைக்கும் ஃபோர்க்லிஃப்ட்டால அந்த ஊருல செத்தவங்க 1021 பேரு. நூத்துக்கு 22 பேரு வண்டி கவுந்து போனவங்க. நூத்துக்கு 20 பேரு அந்த வண்டியில ஏறவே இல்லை, பக்கத்துல நடந்து போனவங்க. இதைய ரெண்டு தடவை யோசிச்சுப் பாரு. உன்ற உசுரு, நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்க, அப்புச்சி அழுதுட்டு எருமை மேய்க்கப் போயிருவேன். ஆனா நடந்து போறவன் உன்கிட்டச் சாவி வாங்கலை, சம்பளமும் வாங்கலை.

இவ்வளவு பேரு போன பொறகு 1998 டிசம்பர்ல அங்க சட்டத்தை இறுக்குனாங்க. பாடம் நடத்தோணும், கையில குடுத்துப் பழக்கோணும், வேலை செய்யற எடத்துலயே ஓட்டச் சொல்லிப் பாத்து ஒருத்தர் கையெழுத்துப் போடோணும், மூணும் இருந்தாத்தான் ஏத்தலாம். 3 வருசத்துக்கு ஒருக்கா மறுபடியும் ஓட்டிக் காட்டோணும். எங்கியாச்சும் இடிச்சாலும் மறு பாடம், இடிக்கப் பாத்துத் தப்பிச்சாலும் மறு பாடம். ஒரு வகை வண்டியில பழகுனவன் இன்னொரு வகையில ஏறோணும்னா அதுக்குத் தனியாப் பழகோணும்.

நம்ம ஊருல சட்டமில்லைன்னு உங்க சூப்பர்வைசரு சொல்லுவாரு. போபால்ல 1984-ல வெசவாயு கசிஞ்சு அத்தனை சனம் செத்த பொறகு, 1987-ல தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்துனாங்க. வேலைக்காரனுக்கு வேண்டிய பயிற்சியும் மேற்பார்வையும் குடுக்கறது ஆலை நடத்தறவன் கடமைன்னு 7ஏ-ன்னு ஒரு பிரிவு போட்டாங்க. பாதுகாப்புப் பயிற்சியை வேலைக்காரன் கேட்டு வாங்கிக்கலாம்னு 111ஏ-ன்னு இன்னொண்ணு. 2020-ல எல்லாத்தையும் மூட்டை கட்டிப் புதுத் தொகுப்பாப் போட்டாங்க. பேரு மாறுச்சே ஒழிய, பழக்காம ஏத்தலாம்னு ஒருத்தருஞ் சொல்லலை. ஆனா நீ கேக்காதே. கேட்டா கௌரவக் கொறச்சலு.

இல்லீன்னா ஒண்ணு பண்ணு, சர்டிபிகேட்டு மட்டும் வாங்கிக்க. அதுக்குன்னே கடை இருக்குதாமா. போட்டோ, ஆதார், பணம், மூணையுங் குடுத்தா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள லேமினேசனோட கையில. கழுத்துல மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கலாம். ஆடிட்டுக்கு வர்றவங்களும் அட்டையைப் பாத்துத் தலையாட்டிப்போட்டுப் போயிருவாங்க. ஒரே ஒரு சங்கடம், வண்டிக்குப் படிக்கத் தெரியாது.

போன பொங்கலுக்கு உன்ற போன்ல ஒரு படம் காட்டுனியே, நெனப்பிருக்குதா? 2000-ல ஜெர்மன்காரங்க எடுத்தது, கிளாவுஸுன்னு ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரு. சேஃப்டிப் படத்தை நக்கலடிச்சு எடுத்திருக்கறாங்க. அன்னைக்குத்தான் லைசென்சு வாங்கிட்டு மொத நாளு வேலைக்கு வர்றான். அப்பறம் பொழுதுக்கும் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் மேல ஏத்தி, குத்தி, நசுக்கி, ரத்தமாத் தெறிக்குது. நீ வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சே. பேலட்டு மேல ஆளை ஏத்தித் தூக்கறது, மேல சரக்கோட திருப்பறது, அதெல்லாம் கற்பனைன்னுதானே சிரிச்சே? ரத்தந்தாங் கண்ணு கற்பனை.

இனி சில்லறைச் சமாச்சாரம். போறப்ப ஃபோர்க்கு தரையிலருந்து ஒரு ஜாணுக்குள்ள இருக்கோணும், மாஸ்ட்டு பின்னால சாய்ஞ்சிருக்கோணும். சரக்கு கண்ணை மறைச்சா ரிவர்ஸ்ல போகோணும், கழுத்தை வெளிய நீட்டிக்கிட்டு முன்னால போறது வேண்டாம். நிறுத்துனா ஃபோர்க்கை முழுசாத் தரையில எறக்கிட்டுச் சாவியை எடுத்துக்கோணும். காலையில ஏறறதுக்கு முன்னால செயினு, டயரு, ஆரனு, அடியில எண்ணெய் சொட்டியிருக்குதான்னு ஒரு பார்வை. சரிவுல லோடோட ஏறறப்ப சரக்கு மேட்டைப் பாத்திருக்கோணும், எறங்கறப்ப ரிவர்ஸ்லதான். காலி வண்டின்னா நேர் தலைகீழு, ஃபோர்க்கு பள்ளத்தைப் பாத்திருக்கோணும். ஏன்னு கேளு? சொல்ல மாட்டேன். கிளாஸுக்குப் போறவங்களுக்குச் சொல்லித் தருவாங்க. நீதான் போறதில்லையே.

சாவியை உன்கிட்ட ஏங் குடுத்தாருன்னு யோசிச்சியா கண்ணு? உன்ற தெறமையைப் பாத்துன்னுதானே நெனைச்சே. நான் நேத்துப் பொழுதோட உங்க மில்லு கேட்டுக்கு எதுக்க இருக்கற டீக்கடையில உக்காந்திருந்தேன். கெழவனைப் பாத்தா ஆரும் வாயை மூடறதில்லை. அந்த ஆபரேட்டருப் பையன் லீவே போடலையாமா. சரக்கு அவசரம்னு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பேலட்டைத் தூக்கச் சொல்லியிருக்கறாரு சூப்பர்வைசரு. அவன் தகட்டைக் காட்டி, "எடை தாங்காதுங்க, எழுதிக் குடுத்தீங்கன்னா யோசிக்கறனுங்க"ன்னானாமா. முந்தின வாரம் அவரே மேல் ரேக்குல சரக்கு எண்ணறதுக்கு ஒருத்தனைப் பேலட்டுல நிக்க வெச்சுத் தூக்கச் சொன்னப்பவும், "அதுக்குக் கூண்டு மாட்டோணுங்க, இல்லீன்னா ஏணி எடுங்க"ன்னு எறங்கி நின்னுக்கிட்டானாமா. நாலு நாள் ஊட்டுல இருன்னு அனுப்பிச்சுட்டாங்க.

அவன் எங்கியோ மொறையாப் பழகிட்டு வந்தவன். லிவரை எப்பிடித் தள்ளறதுன்னு உனக்குத் தெரியற அளவுக்குத்தான் அவனுக்குந் தெரியும். எச்சாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, எதைத் தூக்கக் கூடாதுங்கறது. அதைய வாயத் தொறந்து சொல்றதுக்குக் கையில காரணமும் வெச்சிருந்தான். அந்தக் காரணம் தெரியாத ஆளாப் பாத்துத் தேடியிருக்கறாங்க. மில்லு முழுக்கச் சல்லடை போட்டு உன்னைக் கண்டுபுடிச்சிருக்கறாங்க. பெருமை இல்லாமப் போயிருமா?

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நாளைக்குப் போனதும் சாவியைக் குடுத்துரு. "ஊட்டுல பெரியவங்க ஒத்துக்கலைங்க"ன்னு சொல்லு, பழியை என்ற மேல போடு, எனக்கு அவரு சம்பளம் தர்றதில்லை. அப்பறம் ட்ரெயினிங்குக்கு அனுப்பச் சொல்லி ஒரு காயிதம் எழுதிக் குடு. வாயில சொல்லாதே, எழுதிக் குடுத்து ஒரு நகலை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்க. கிளாஸுக்குப் போற நாளுக்குச் சம்பளத்தைப் புடிச்சாங்கன்னா, போன வாரம் கெடா வித்த காசு ஒங்கம்மாளுக்குத் தெரியாம ஒரு எடத்துல இருக்குது.

அந்த ஆபரேட்டருப் பையனுக்குச் சூலூர்ப் பக்கமாமா. ஞாயித்துக்கெழமை ஒரு எட்டுப் போய் அவனைப் பாத்துட்டு வருவோம், உனக்குத் தகடு படிக்கக் கத்துக் குடுப்பானான்னு கேட்டுப் பாக்கறேன். வெறுங்கையோட போக வேண்டாம், அந்தக் கருஞ்சேவலைப் புடிச்சுக் கட்டி வை. பஸ்ஸுலயே போயிக்கலாம். உன்ற பைக்குல நான் ஏற மாட்டேன்.